பிஸ்டலைக் கேட்டுவிட்டுத் தோட்டா வாங்குங்கள்

நம் துப்பாக்கி சுடும் கழகத்தின் தோட்டா கொள்முதல் குழுவினருக்கு வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குழலுக்கான) தோட்டாக்களை மொத்தமாக வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன தடவை வந்ததில் பாதி ஹை வெலாசிட்டி, அதாவது அதிவேக ரகம். வினாடிக்கு 380 மீட்டர் வாக்கில் பாயும் தோட்டா 25 மீட்டர் பிஸ்டலுக்கு எதற்கு? 10 நொடிக்குள் 5 முறை சுட வேண்டிய சுற்றில் ஒவ்வொரு உதைப்புக்கும் கை மேலே எழும்பி, மறுபடி குறிக்கு வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடுகிறது, ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் போய்க் காலி கூட்டை வெளியே தள்ளும் ஸ்லைடும் தேவையில்லாமல் அடி வாங்குகிறது. போட்டி பிஸ்டல்கள் பெரும்பாலும் குண்டின் எடை 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) உள்ள ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, அதாவது சாதாரண வேகத் தோட்டாவை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. அது ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, வினாடிக்கு 325 மீட்டர் அளவில் போகும். அதற்காக ரொம்ப மெதுவான தோட்டாவும் வேண்டாம், ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் காலி கூடு சிக்கிக்கொள்ளும்.

சரி, விலை உயர்ந்ததையே வாங்கிவிடலாமா? அங்கேதான் எனக்கு வருத்தம். துல்லியச் சுற்று அட்டையில் 10 வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். கை நடுக்கத்தால் மட்டும் ஒருவருக்கு 80 மில்லிமீட்டர் சிதறல் (குண்டுகள் அட்டையில் பரவி விழும் அகலம்) வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் 30 மில்லிமீட்டர் சிதறும் தோட்டாவைக் கொடுத்தால் மொத்தச் சிதறல் சுமார் 85, 20 மில்லிமீட்டர் தோட்டாவைக் கொடுத்தால் சுமார் 82. சிதறல்கள் நேரடியாகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடுகின்றன, அதனால்தான் வித்தியாசம் இவ்வளவு சின்னது. அந்த 3 மில்லிமீட்டருக்காக இரண்டு மடங்கு பணம் கொடுப்பதைவிட, புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு பயிற்சித் தோட்டா கொடுங்கள். உயர்ந்த ரகம் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இருக்கட்டும். 60 குண்டில் ஒன்று காரணமில்லாமல் 7 வளையத்துக்குப் போனாலும் அவர்களுக்கு அது பெரிய இழப்பு.

அந்த உயர்ந்த ரகத்தையும் பெயர் பார்த்து வாங்க வேண்டாம். ஈலி, லபுவா, ஆர்.டபிள்யூ.எஸ்., எஸ்.கே. எல்லாமே தோட்டாவில் நல்ல பெயர்கள்தான், ஆனால் ஒரு குழலுக்குப் பிடித்தது பக்கத்து மேசையில் இருக்கும் அதே மாடல் பிஸ்டலுக்குப் பிடிக்காமல் போகும். ஒரே பெயரில் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) மாறினாலும் குணம் மாறுகிறது. அதனால் ஒவ்வொரு ரகத்திலும் ஓரிரு பெட்டி மட்டும் முதலில் வரவழையுங்கள். மணல் மூட்டையில் கையை ஊன்றி, ரகத்துக்கு மூன்று அட்டை, அட்டைக்கு 10 குண்டு சுட்டுப் பார்ப்போம். ரகம் மாற்றியதும் முதல் 15 குண்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, முந்தைய ரகக் குண்டுகளில் பூசியிருந்த மெழுகு குழலுக்குள் ஒட்டியிருக்கும். ஐந்து குண்டு ஒரே ஓட்டையில் விழுந்தது என்று யாராவது அட்டையைத் தூக்கிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள், ஐந்து ரொம்பக் குறைவு.

அப்புறம், வெடிக்காத தோட்டாக்களையும் எண்ண வேண்டும். நம் பாயிண்ட் 22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள் இருக்கிறது, அது சீராகப் பரவாத இடத்தில் ஊசி விழுந்தால் வெடிக்காது. அப்படி வெடிக்காமல் நின்றால் குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 நொடி காத்திருந்து வெளியே எடுங்கள் என்று எல்லா மேசையிலும் எழுதி ஒட்டுங்கள். ஆயிரத்துக்கு எத்தனை நின்றது என்று ரகவாரியாக நான் குறித்துத் தருகிறேன். தேறிய ரகத்தில் ஆண்டு முழுக்கப் போதுமான அளவை ஒரே லாட்டில் கேளுங்கள், கையில் அந்த லாட் இருப்பதாக விற்பவர் உறுதி சொன்ன பிறகே பணம் கட்டுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் மேசைக்காரன்