ஐஸ் பாருக்குப் பத்து ரூபாய் கூடுகிறது: எதனால் என்று கேட்பவர்களுக்கு ஒரு மடல்

விசைப்படகு உரிமையாளர்களுக்கும், ஃபைபர் படகுக்காரர்களுக்கும், துறைமுகத்தில் ஏலம் எடுக்கும் வியாபாரிகளுக்கும், கூடையும் பெட்டியுமாகத் தெருத்தெருவாக மீன் கொண்டுபோகும் அக்காமார், அம்மாமார் எல்லோருக்கும் வணக்கம்.

கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனியிலிருந்து எழுதுகிறோம். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வரும் ஆவணி முதல் தேதி, அதாவது 2025 ஆகஸ்ட் 17 ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, 50 கிலோ ஐஸ் பார், அதாவது முழுக் கட்டி, 120 ரூபாய்க்குப் பதில் 130 ரூபாய். தூள் அடித்துக் கொடுக்கும் கூலி பழையபடியேதான். 2022 தொடக்கத்துக்குப் பிறகு இப்போதுதான் பார் விலையில் கை வைக்கிறோம். கூடும் பத்து ரூபாயும் கரண்ட் பில்லுக்கே போகிறது. டீசல், வலை, ஆள் கூலி என்று எல்லாம் ஏறி நீங்கள் திணறும் நேரத்தில் கேட்கிறோம். அதனால் கணக்கைத் திறந்து காட்டாமல் கேட்பது சரியில்லை.

ஐஸ் கம்பெனியில் மூலப்பொருள் தண்ணீர் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நாங்கள் உங்களுக்கு விற்பது மின்சாரம்தான், கட்டியாக உறைந்த மின்சாரம். பார் ஐஸ் ஒரு டன் எடுக்கப் பொதுவாக 50 முதல் 70 யூனிட் பிடிக்கும். தண்ணீர் வெயிலில் சூடாகி வந்தால் அதிகம் பிடிக்கும், மார்கழிக் குளிரில் குறையும். சராசரியாகப் பார்த்தால் ஒரு பாருக்கு 3 யூனிட். அம்மோனியா கம்ப்ரசர், உப்புத் தண்ணீர் தொட்டியைக் கலக்கும் மோட்டார், மேலே நீர் இறைக்கும் பம்பு எல்லாம் இதில் அடங்கும். அந்த 3 யூனிட்டை அனல் நிலையத்தில் எடுக்க ஏறக்குறைய 2 கிலோ நிலக்கரி எரிகிறது. நீங்கள் தோளில் தூக்கிப் படகில் இறக்கும் ஒவ்வொரு பாருக்கும் பின்னால் எங்கோ ஒரு ஊரில் அந்த 2 கிலோ கரி இருக்கிறது.

எங்களுடையது பெரிய தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் உயரழுத்த மின் இணைப்பு. 2014க்குப் பிறகு பல வருடம் மின்கட்டணம் பெரிதாக ஏறாமல் இருந்தது. 2022 செப்டம்பர் 10ஆம் தேதி ஒரேயடியாக ஏறியது. அப்புறம் ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதி, விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, 6 சதவீதத்துக்கு மேல் போகாமல் ஏறும் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. அந்த வழியில் 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025 ஜூலையில் 3.16 சதவீதம். 2023இலும் 2025இலும் வீடுகளுக்கு ஏற்றவில்லை, அதனால் வீட்டு பில்லை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்காது. தொழிற்சாலைக்கு யூனிட் 6 ரூபாய் 35 காசாக இருந்தது 2025 ஜூலையில் 7 ரூபாய் 50 காசு ஆனது. பாருக்கு 3 யூனிட் என்றால் இதில் மட்டும் 3 ரூபாய் 45 காசு கூடுகிறது. காலை 6 முதல் 10 வரையும், மாலை 6 முதல் இரவு 10 வரையும் பீக் அவர் என்று அதன் மேல் 25 சதவீதம். அந்த நேரத்தில் யூனிட் 9 ரூபாய் 37 காசைத் தாண்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேல் 5 சதவீதம் மின்வரி.

இதுகூடப் பரவாயில்லை, சமாளித்திருப்போம். எங்களை உண்மையில் அழுத்துவது டிமாண்ட் சார்ஜ். "இவ்வளவு மின்சாரம் எந்த நேரமும் எனக்குத் தயாராக இருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து வாங்கியிருக்கும் அளவுக்கு மாதா மாதம் கட்டும் தொகை அது. ஐஸ் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும், பூட்டிக் கிடக்கும் கடைக்கும் வாடகை கொடுப்பதைப் போல. அந்த அளவைக் கேவிஏ என்ற கணக்கில் சொல்வார்கள். 2022 செப்டம்பருக்கு முன் ஒரு கேவிஏவுக்கு மாதம் 350 ரூபாய். அன்றைக்கு 550 ஆனது, பிறகு 562, 589, 2025 ஜூலையில் 608. யூனிட் விலை 18 சதவீதம்தான் ஏறியிருக்கிறது, இதுவோ 74 சதவீதம் ஏறியிருக்கிறது. பயன்படுத்தியது குறைவாக இருந்தாலும் ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குக் கட்டாயம் பில் போடுவார்கள். எங்கள் ஒப்பந்தம் 200 கேவிஏ. அதில் 180க்குக் கட்ட வேண்டும் என்றால், அன்று மாதம் 63,000 ரூபாய், 2025 ஜூலை விலையில் 1,09,440 ரூபாய்.

மாதம் 10,000 பார் போனால் இந்தத் தொகை பார் ஒன்றின் தலையில் சுமார் 11 ரூபாயாக விழும். மீன்பாடு குறைந்து படகுகள் கரையில் நின்று 5,000 பார்தான் போனது என்றால் அதுவே 22 ரூபாய். கடலில் உங்களுக்கு எப்போது கெட்ட காலமோ, அப்போதுதான் எங்களுக்கும் ஒரு பாருக்கு ஆகும் செலவு கூடுகிறது. அப்போது போய் உங்களிடம் விலையை ஏற்ற மனது வராது, ஏற்றவும் முடியாது. அதனால்தான் வருடம் முழுவதையும் சேர்த்துப் பங்கிட்டுப் பத்து ரூபாய் என்று வைத்திருக்கிறோம்.

மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. ஃபைபர் படகுகளும் நாட்டுப் படகுகளும் போகின்றன. அவர்களுக்காக ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட்டித் தொட்டியைக் குளிரில் வைத்திருக்கிறோம். வரவு மிகக் குறைவு, ஆனால் டிமாண்ட் சார்ஜ் மட்டும் இரண்டு மாதத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மின்தேவை உச்சத்துக்குப் போவதும் அதே மாதங்களில்தான். 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட் என்று புதிய உச்சம் தொட்டது. மாநிலமே மின்சாரத்துக்குத் தவிக்கும் அந்த நாட்களில் நம் கடலோரத்து ஐஸ் கம்பெனிகள் முக்கால்வாசி மின்சாரத்தை எடுக்காமல் விட்டுவைக்கின்றன. அதற்கும் சேர்த்து முழுத் தொகையை வாங்குவது நியாயம் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

"நெய்வேலி நம்ம மாவட்டம்தானே, நமக்கே ஏன் இவ்வளவு விலை?" என்று சிங்காரத்தோப்பிலிருந்து வரும் பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அங்கே சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தது நம் ஆட்கள். ஆனால் நெய்வேலியில் கரி வெட்டி மின்சாரம் எடுப்பது மத்திய அரசு நிறுவனம். அங்கே எடுக்கும் மின்சாரம் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி என்று பிரிந்து போகிறது. நமக்கு வரும் பங்கும் மாநிலத்தின் பொதுக் கணக்கில்தான் சேரும். கட்டணம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று காசு குறையாது.

அந்தப் பொதுக் கணக்கில் வேறு என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் விலை ஏன் ஏறுகிறது என்பது புரியும். மாநிலத்தின் சொந்த அனல் நிலையங்களுக்கு நிலக்கரி ஒடிசாவிலிருந்து வருகிறது. சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும். கரியின் விலைக்குச் சமமாகப் பயணச் செலவும் பில்லில் ஏறி உட்காருகிறது. அது போதாமல் இறக்குமதிக் கரி. நம் மாவட்டத்திலேயே பரங்கிப்பேட்டைப் பக்கம் கடற்கரையில் நிற்கும் அனல் நிலையம் இறக்குமதிக் கரியை நம்பிக் கட்டியதுதான். 2022 ஜனவரியில் இந்தோனேசியா தன் நாட்டுத் தேவைக்காகக் கரி ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியது. அடுத்த மாதமே உக்ரைன் போர். உலகச் சந்தையில் டன் 400 டாலரைத் தாண்டியது. அந்தக் கோடையில் உள்நாட்டுக் கரியும் தட்டுப்பட்டு, பத்து சதவீதம் வெளிநாட்டுக் கரியைக் கலந்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. கரி விலை பிறகு இறங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் அதை டாலரில்தான் வாங்க வேண்டும். 2022 தொடக்கத்தில் 75 ரூபாய்க்குள் இருந்த டாலர் 2025 ஆகஸ்டில் 87 ரூபாய்.

நம்மிடம் காற்றாலை நிறைய உண்டு. ஆனால் காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான் நன்றாக வீசும். மார்ச், ஏப்ரல் மாலையில் வெயிலும் இறங்கி, காற்றும் இல்லாமல், வீட்டுக்கு வீடு ஏசி ஓடும்போது மின்வாரியம் மின்சந்தையில் மின்சாரம் வாங்க வேண்டும். அங்கே யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பைத் தொட்டுவிடுகிறது. மாலை 6 முதல் 10 வரை நமக்குக் கூடுதல் கட்டணம் போடுவதற்குக் காரணம் இதுதான், அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை.

இதற்கெல்லாம் மேல் பழைய கடன். 2012இல் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போனது உங்களுக்கு மறந்திருக்காது. ஜெனரேட்டரில் ஐஸ் எடுத்த காலம் அது. அப்போது தட்டுப்பாட்டைச் சமாளிக்க வெளியில் விலை கொடுத்து வாங்கியது, விற்ற விலை வாங்கிய விலைக்கு எட்டாமல் போனது, எட்டு வருடம் கட்டணத்தைத் தொடாமல் விட்டது, எல்லாம் சேர்ந்து 2022இல் மின்வாரியத்தின் கடன் சுமார் 1.6 லட்சம் கோடி. வருடா வருடம் அதற்கு வட்டி. 2011 கடைசியில் அடித்த 'தானே' புயலில் நம் ஊரில் நின்ற மின்கம்பத்தை எண்ணிவிடலாம் என்ற நிலை இருந்தது, 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்து பெண்ணையாற்று வெள்ளத்தோடு மறுபடியும் சாய்த்தது. திரும்ப நட்ட கம்பமும் இழுத்த கம்பியும் யாரோ ஒருவர் கட்டணத்தில்தான் வந்தாக வேண்டும்.

விவசாயத்துக்கும் கைத்தறிக்கும் கொடுக்கும் இலவசத்தையும், வீட்டுக்கு 2016 முதல் கொடுக்கும் 100 யூனிட்டையும் நிறுத்தினால் தொழிற்சாலைக்கு விலை குறையும் என்று சில முதலாளிகள் பேசுகிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் இல்லை. அந்த 100 யூனிட்டில்தான் எங்கள் தொழிலாளிகள் வீட்டிலும், சோனங்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் உங்கள் வீட்டிலும் விளக்கு எரிகிறது. சலுகைக்கான பணத்தை அரசு காலத்தோடு முழுவதும் கொடுக்கட்டும், அதை மற்ற இணைப்புகளின் தலையில் ஏற்றாமல் இருக்கட்டும். கேட்பது அவ்வளவுதான்.

விலை திரும்ப இறங்குமா என்றால், எங்களுக்கு நம்பிக்கை இல்லை. 2025 ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மின் விநியோக நிறுவனங்கள் மக்களிடம் வசூலிக்காமல் கணக்கில் தள்ளி வைத்திருக்கும் பழைய பாக்கியை, 2024 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு 7 ஆண்டுக்குள் தீர்க்க வேண்டுமாம். தீர்ப்பது என்றால் கட்டணத்தில் வரும், இல்லை அரசு மானியமாகக் கொடுக்க வேண்டும்.

பாண்டியில் ஐஸ் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்கிறீர்கள். அங்கே மின்துறை வேறு, கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையமும் வேறு. அங்கே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கி வண்டி வாடகை கொடுத்து முதுநகர் வரை கொண்டுவந்தும் உங்களுக்குக் கட்டுப்படியானால் தாராளமாக வாங்குங்கள், மனவருத்தம் எங்களுக்கு இல்லை. சூரிய மின்சாரம் போடலாமே என்றும் கேட்கிறார்கள். பகல் யூனிட் குறையும், விசாரித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இரவில் கம்ப்ரசருக்கு அதே அளவு மின்சாரம் வேண்டும் என்பதால் டிமாண்ட் சார்ஜ் குறையாது.

விலையை ஏற்றாமல் பாரை ஏமாற்றவும் வழி இருக்கிறது. முழுதாக உறையும் முன்பே கேனிலிருந்து எடுத்துவிட்டால் வெளியே கட்டியாகத் தெரியும், நடுவில் கூடாக இருக்கும். கரண்ட் மிச்சம். ஆனால் நாலு நாள் கடலில் தங்கும் படகில் அது இரண்டாம் நாளே தண்ணீராகும், பிடித்த வஞ்சிரமும் சங்கராவும் கெட்டுப்போகும். எங்கள் தொட்டியிலிருந்து அப்படி ஒரு பார் வெளியே வராது. சந்தேகம் வந்தால் எங்கள் கண் முன்னாலேயே உடைத்துப் பாருங்கள், எடை போட்டும் பாருங்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். தூள் ஐஸ் வேண்டுமென்றால் மாலை 6 மணிக்கு முன்போ இரவு 10 மணிக்கு மேலோ வாருங்கள். அந்த நாலு மணி நேரமும் கம்ப்ரசர்களை நிறுத்தி, தொட்டியின் குளிரிலேயே ஓட்டப் போகிறோம், தூள் அடிக்கும் கிரஷரும் நிற்கும். விடியற்காலை 6 மணிக்குள் ஏற்றுகிறவர்களுக்கு எப்போதும்போல ஏற்றிக் கொடுப்போம். எத்தனை பார் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அடுத்தது, விலை கூடியதே என்று ஐஸைக் குறைத்துவிடாதீர்கள். நம் வெயிலுக்கு மீன் ஒரு கிலோவுக்கு ஐஸ் ஒரு கிலோ என்பது குறையக் கூடாது. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஐஸ் அறையின் பலகை இடுக்கையும் மூடியையும் சரி பாருங்கள், வீணாக உருகுவது அங்கேதான்.

தடைக்காலத்தில் மட்டுமாவது உண்மையில் எடுத்த அளவுக்கு டிமாண்ட் சார்ஜ் போட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். ஐஸ் கம்பெனிக்காரர்கள் மட்டும் கேட்டால் லாபத்துக்குக் கேட்கிறார்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். படகு உரிமையாளர் சங்கங்களும் கிராமப் பஞ்சாயத்தார்களும் கூடவே கையெழுத்துப் போட்டால் அதற்குக் கனம் இருக்கும். மனு எங்கள் அலுவலக மேசையில் இருக்கிறது, படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அது நிறைவேறி எங்கள் பில் குறைந்தால், குறையும் தொகையைப் பார் விலையில் அப்படியே குறைப்போம். அதையும் இந்த மடலிலேயே எழுதிக் கொடுக்கிறோம்.

ஆகஸ்ட் 16க்குள் முன்பணம் கட்டியவர்களுக்கு, கட்டிய எண்ணிக்கை தீரும் வரை 120 ரூபாய்தான். கால் பார், அரை பார் வாங்கிக் கூடையில் வைத்து விற்கும் அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் பொங்கல் வரை பழைய விலையே. அதற்கு எந்தச் சீட்டும் தேவையில்லை, வாசலில் நிற்கும் எங்கள் ஆட்களுக்கு உங்களைத் தெரியும்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனி நிர்வாகத்தாரும் தொழிலாளர்களும்
கடலூர் முதுநகர்