போர் வண்டி வருமுன் ஒரு தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாசி பிறந்துவிட்டால் காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் இரவெல்லாம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டிச் சத்தம்தான். தங்கள் நாளிதழில் வறட்சிச் செய்தியும் அணை நீர்மட்டமும் தவறாமல் வருகின்றன. ஆனால் மழை பொய்த்ததால் மட்டும் ஒரு குடும்பம் நொடித்துப் போவதில்லை. பொய்த்த வருஷத்தில் நடுராத்திரியில், தூக்கக் கலக்கத்தில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும் ஒரு முடிவும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அதைத் தடுக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. எதில் இறங்கினாலும், எங்கே நிறுத்துவோம் என்பதை இறங்குவதற்கு முன்பே தாளில் எழுதி, வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிடுவது.

போரையே எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தின் அடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் வகைக் கெட்டிப் பாறை. ஆற்று மணலில் ஊறுவதுபோல் இதில் தண்ணீர் ஊறாது. மேலே மக்கிப்போன பாறையிலும், அதற்குக் கீழே ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளிலும்தான் நிற்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும், இறுகும். ஆகவே 700 அடிவரை வெறும் புழுதி பறந்தால், அடுத்த 300 அடியில் தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பு கூடுவதில்லை, குறைகிறது.

செலவோ நேர்மாறாக ஏறுகிறது. கணக்குக்கு, முதல் 300 அடிக்கு அடி 100 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு 100 அடிக்கும் பத்துப் பத்து ரூபாய் ஏறும் ரேட் என்று வைத்துக்கொள்வோம். 300 அடியில் 30,000. 700 அடியில் 80,000. 1,000 அடியில் 1,28,000. முதல் 300 அடிக்கு 30,000 கொடுத்தவர் கடைசி 300 அடிக்கு 48,000 கொடுக்கிறார். இதில் மேல்மண் சரியாமல் இறக்கும் கேசிங் பைப் சேரவில்லை. தப்பித்தவறி 950 அடியில் ஒரு இஞ்ச் தண்ணீர் (நீர்வரத்தை இஞ்ச் கணக்கில்தான் சொல்வார்கள்) வந்தாலும், அவ்வளவு ஆழத்திலிருந்து ஏற்ற அதிக ஸ்டேஜ் (நீரைத் தள்ளும் அடுக்கு) உள்ள மோட்டார், கேபிள், பைப் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். ரிக்குக்கு, அதாவது போர் வண்டிக்குப் பேசிய பணம் செலவின் ஒரு பங்குதான்.

அந்த நேரத்தில் களத்தில் என்ன நடக்கிறது? கம்பி மாற்றும் இடைவெளியில் போர் வண்டி ஏஜென்ட் கேட்பார்: ‘இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு நூறு போட்டுப் பாத்துடலாமா?’ சுற்றி நிற்கும் பங்காளிகள் தலையாட்டுவார்கள். போன பணத்தை மீட்க வேண்டும் என்ற தவிப்பு ‘சரி’ என்று சொல்ல வைக்கும். போன 80,000 நிறுத்தினாலும் வராது, தொடர்ந்தாலும் வராது. அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதுவரை ஒரு பைசாவும் போடாமல், இந்த இடத்தில் 700 அடிக்குக் கீழே மட்டும் தோண்ட 48,000 கொடுப்போமா? விடிய விடிய நின்ற களைப்பில் இதை யாராலும் நிதானமாகக் கேட்டுப் பார்க்க முடியாது. அதனால்தான் பதிலை முன்னாடியே எழுதி வைக்கச் சொல்கிறோம்.

தாளில் இருக்க வேண்டியவை: எத்தனை அடியில் நிறுத்துவது, மொத்தம் எவ்வளவு ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, எத்தனை இஞ்ச் தண்ணீர் வந்தால் போதும், வராவிட்டால் இந்த வருஷம் என்ன பயிர். அடிக்கணக்கை வாய்க்கு வந்தபடி எழுதக்கூடாது. கால் மைல் சுற்றில் உள்ள பத்துப் போர்களைக் கேட்டு, எத்தனை அடியில் தண்ணீர் பட்டது, சித்திரையில் எவ்வளவு ஓடுகிறது, எத்தனை போர் வறண்டது என்று குறித்துக்கொண்டு எழுத வேண்டும். வறண்டதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். தேங்காயோ குச்சியோ வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பவர்கள், வேளாண் பொறியியல் துறையில் மின்தடை ஆய்வுக்கும் (நிலத்தில் மின்சாரம் செலுத்தி அடியிலுள்ள பாறையைக் கணிப்பது) ஒரு மனு கொடுங்கள். அதுவும் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் பாறை எத்தனை அடியில் கெட்டிப்படுகிறது என்று தெரிந்தால் எங்கே நிறுத்துவது என்று கோடு போட ஆதாரம் கிடைக்கும்.

மூடுகிற செலவையும் அதே தாளில் எழுதுங்கள். கைவிட்ட போரைக் களிமண், மணல், கல் போட்டுத் தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போவது கொலைக்குச் சமம். அதே ஒன்றேகால் லட்சத்தை வேறு எதற்கெல்லாம் போடலாம் என்றும் ஒரு வரி வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் இருக்கிறது. இருக்கிற கிணற்றுத் தண்ணீரை வைத்தே பரப்பைக் கூட்ட முடியுமா என்று பார்க்காமல் ரிக்கைக் கூப்பிடுவது சரியில்லை.

தக்காளியில் இதே தவறு வேறு வேஷத்தில் வருகிறது. 2023 ஜூலையில் சில்லறையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. பார்த்தவர்கள் எல்லாம் நாற்று வாங்கினார்கள். செப்டம்பரில் விலை தரைக்கு வந்தது. நாற்றங்காலில் 25 நாள், நட்டபின் முதல் பறிப்புக்கு 60, 70 நாள். ஆக, இன்று ராயக்கோட்டை மண்டியில் கேட்கும் விலை நம் தக்காளிக்குக் கிடைக்கப்போகும் விலை அல்ல. அது மூன்று மாதம் கழித்து உருவாவது, அதுவும் இன்றைய விலையைப் பார்த்து எத்தனை பேர் நடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. விலை உச்சத்தில் நிற்கும்போது நடுவதுதான் ஆபத்து.

இங்கே எழுத வேண்டியவை இரண்டு. ஒன்று பரப்பு. ஒரு ஏக்கருக்குத் தண்ணீர் இருந்தால் தக்காளி 30 சென்ட், அதையும் இருபது நாள் இடைவெளியில் பிரித்து நடுவது, மீதிக்கு ராகி, அவரை, நிலக்கடலை. மற்றொன்று பறிப்பு விலை. 25 கிலோ பெட்டிக்குப் பறிப்புக் கூலி, வண்டி, இறக்குக் கூலி சேர்த்து 70 ரூபாய், மண்டிக் கமிஷன் பத்துச் சதவீதம் என்றால், பெட்டி 78 ரூபாய்க்குக் கீழே போனதும் பறிப்பதே நஷ்டம். அதாவது கிலோ 3 ரூபாய் சொச்சம். உழவுக்கும் உரத்துக்கும் குச்சிக்கும் போட்ட பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது, அது முன்பே போய்விட்டது. அவரவர் செலவைப் போட்டு அவரவர் எண்ணைக் கண்டுபிடியுங்கள். கமிஷன் இல்லாத உழவர் சந்தைக்கு அடையாள அட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் அந்த எண் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூவிலேயே குத்தகைக்கு விடுவதைப் பலர் ஏமாளித்தனமாகப் பேசுகிறார்கள். அது ஏமாளித்தனம் இல்லை. குறைந்த விலைக்குச் சம்மதித்து, காற்று, பூச்சி, கூழ் ஆலை விலை என்ற மூன்று பயத்தையும் குத்தகைதாரர் தலையில் ஏற்றுவது. பாதி மரத்தைப் பூவில் விட்டுப் பாதியைக் கையில் வைத்திருந்தால், 2025-இல் பெங்களூரா ரக மாம்பழ விலை சரிந்ததுபோல் ஒரு சீசன் வந்தாலும் வீட்டுச் செலவுக்கு முட்டாது.

இனி கடன். எல்லாக் கடனையும் ஆண்டு வட்டியாக மாற்றி எழுதினால்தான் எது கொல்லும் கடன் என்று தெரியும். ரெண்டு வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், மூணு வட்டி 36. கூட்டுறவுப் பயிர்க்கடன் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. மிகவும் ஏமாற்றுவது நூறு நாள் தண்டல். 8,500 கையில் வாங்கி தினம் 100 வீதம் 10,000 கட்டுவதை ‘பதினஞ்சு பர்சென்ட்தானே’ என்கிறார்கள். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், பாதி நாள் பாதிப் பணம்கூட நம் கையில் இருப்பதில்லை. ஆண்டுக் கணக்கில் இது 120 சதவீதத்துக்கும் மேல். நகையை அடகு வைப்பதானாலும் முழுவதையும் ஒரே முடிவுக்காக வைக்காதீர்கள். ஒரு ஜோடி வளையலாவது வீட்டில் இருக்கட்டும். ஆஸ்பத்திரிச் செலவு நாள் பார்த்து வருவதில்லை.

சின்னக் காப்பீடுகளும் தாங்கும் சக்தியில் சேர்ந்தவை. வங்கிக் கணக்கு வழியாக, ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு 18 முதல் 70 வயதுவரை, 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு 18 முதல் 50 வயதுவரை. இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரைக்கானவை. எழுதிக் கொடுத்த பலருக்கும் இந்தக் காப்பீடு காலாவதியாவதற்குக் காரணம், மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாததுதான். தொப்பூரில் 2023 ஜூலையில் பதிவு முகாம் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கே இதற்குப் போதும். மே மாதப் பணத்தில் 456 ரூபாயைத் தொடாமல் விடுங்கள். பயிர்க் காப்பீடு செய்தவர்கள், சேதத்தை 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதுபோல் மறுபடி கொட்டினால், வயலில் தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்காமல் பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-க்குச் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள்.

தாளை எழுதும்போது யார் உட்கார வேண்டும்? நிலம் யார் பெயரில் இருந்தாலும், வட்டி கட்டப்போகும் கை எதுவோ அது கட்டாயம் இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் அது மகளிர் குழுவில் பணம் எடுத்துத் தரும் வீட்டுப் பெண்ணின் கை. கேரி கிளெய்ன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன ஒரு முறை இங்கே நன்றாக வேலை செய்யும். ‘போர் போட்டு ஆறு மாசமாச்சு, தோத்துப் போச்சு. ஏன் தோத்துச்சு?’ என்று நடந்து முடிந்ததுபோல் கேட்டு ஒவ்வொருவரையும் ஒரு காரணம் சொல்லச் சொல்வது. ‘இது சரிவருமா?’ என்று கேட்டால் பெரியவர் முகத்துக்காக எல்லோரும் தலையாட்டுவார்கள். தோற்றுவிட்டதாக வைத்துக் கேட்டால் மருமகளும் வாய் திறப்பாள்.

அத்தனையும் செய்தும் தோற்கலாம். தோற்ற முதல் வாரத்தில் இரண்டாவது போருக்குப் பேசக்கூடாது. கடன் எல்லாவற்றையும் வட்டி வரிசையில் எழுதி, தண்டல்காரருக்கு முதலில் வழி பார்த்து, வங்கிக்குத் தவணை நாள் வருமுன் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தவணை தவறியபின் போனால் கிடைக்கும் வழிகள் குறைவு. வீட்டில் ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் தமிழில் பேசலாம், 104-லும் பேசலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டித் தக்காளி விலையைப் போடும்போது, அதே வாரத்தில் முந்தைய ஐந்து ஆண்டுகளில் என்ன விலை போனது, மூன்று மாதம் கழித்து என்ன ஆனது என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒன்று. மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கிராம சபையில் நம் பிர்க்கா (வருவாய்க் குறுவட்டம்) நிலத்தடி நீரில் எந்த வகையில், பாதுகாப்பானதாகவா அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டதாகவா, இருக்கிறது, அந்த ஆண்டு ஊரில் எத்தனை போர் போட்டு எத்தனை வறண்டன, எத்தனை அடியில் வறண்டன என்பதை வாசித்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அடுத்து ரிக்கைக் கூப்பிட நினைப்பவர் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துத் தன் தாளை எழுதிக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.