பக்கம் புரளும் சத்தம்

சாலிகிராமம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் சொன்னபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "சாப்பிட்டியா, ஜப்பான்ல குளிர் எப்படி இருக்கு" என்று பேச்சை மாற்றிவிட்டேன். போனை வைத்ததும் அப்பா, "என்னவாம்?" என்றார். "அனிமேவுக்குக் குரல் கொடுக்கக் கத்துக்கப் போறாளாம்" என்றேன். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் பொண்ணுதானே" என்றார். பாராட்டா குத்தலா என்று இன்னும் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

பேசினால் அழுவேன், இல்லாவிட்டால் திட்டுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் சினிமா டப்பிங் மைக் முன்னால் நின்று சோறு தின்றவள் நான். உன்னை வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. சரி போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் மூன்று வாரமாக மூணாவது மாடிப் பையனைப் பிடித்து உட்கார வைத்து, உன் 'செய்யூ' உலகத்தை, அதுதான் ஜப்பான் குரல் நடிகர்கள் உலகத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு அனிமே என்றால் உயிர். ஒரு டம்ளர் பூஸ்ட் கொடுத்தால் இரண்டு மணி நேரம் பேசுவான்.

முதல் நாளே அவன் எனக்கு டிராகன் பால் என்ற அனிமே தொடரைப் போட்டுக் காட்டினான். அப்பா, மகன், இன்னொரு மகன் மூன்று பேரும் ஒரே காட்சியில் பேசுகிறார்கள். "ஆன்ட்டி, மூணு பேருக்கும் ஒரே ஆள்தான் குரல்" என்றான். கண்ணை மூடிக்கொண்டு திரும்பக் கேட்டேன். அப்பா கோகு முரட்டு வெள்ளந்தி. பெரியவன் கோஹான் படித்த பிள்ளை, மூச்சை அடக்கிப் பேசுகிறான். சின்னவன் கோடென் அப்பாவின் அச்சு, ஆனால் பல் விழுந்த வயசுச் சிரிப்பு. மூன்றுமே நொஸாவா மசாகோ என்ற ஒரு பெண்மணி. தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டுவதில்லையாம், ஒரே ஓட்டத்தில் மாறி மாறிப் பேசிவிடுவாராம். எனக்குக் கை கூசிவிட்டது. நான் ஒரு படத்தில் அக்கா தங்கை இருவருக்கும் பேச மூன்று நாள் எடுத்துக்கொண்டவள்.

அவர் பிறந்தது 1936. டிராகன் பால் தொடங்கியது 1986 பிப்ரவரியில். கணக்குப் போட்டுப் பார், அப்போது அவருக்கு 49 வயது. அந்த வயதில் எனக்கு அம்மா வேஷத்துக்குக் கூடக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். 2024ல் வந்த புதுத் தொடரிலும் கோகுவாக அவர்தான் பேசினார், எண்பத்தெட்டை நெருங்கும்போது. சசாயே என்ற குடும்பத் தொடர் 1969 அக்டோபரில் தொடங்கியது. அன்று கதாநாயகிக்குப் பேச ஆரம்பித்த கதோ மிதோரி இன்றைக்கும் அதே பாத்திரத்துக்குப் பேசுகிறாராம். நீ "எனக்கு 27 ஆயிடுச்சும்மா, இனிமே லேட்" என்று சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

ஆனால் நொஸாவாவுக்கு அந்த 49 வயதுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் பார். குழந்தை நட்சத்திரமாக ஆரம்பித்து நாடகத்தில் வளர்ந்தவர். ஜப்பானில் தொலைக்காட்சி வந்தது 1953ல். அந்த ஆரம்ப நாட்களில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு நேரலையிலேயே டப்பிங் செய்வார்களாம். படம் ஓடும், இவர்கள் பேசுவார்கள், அது அப்படியே வீடுகளுக்குப் போய்விடும். இரண்டாவது டேக் கிடையாது. சிறுவன் பாத்திரத்துக்கு நிஜச் சிறுவனை நம்பி நிறுத்த முடியாது, கொஞ்சம் வளர்ந்தவன் என்றால் குரல் உடைந்திருக்கும். அதனால் பெண்களை வைத்துப் பேச வைத்தார்கள். அப்படி உள்ளே வந்தவர்தான் நொஸாவா. கோகுவுக்கான குரல் தேர்வு நடந்தபோது, ஒலிநாடாவைக் கேட்டு இவரைத் தேர்ந்தெடுத்ததே கதையை வரைந்த தொரியாமா அகிராதானாம். அதற்குள் அந்தத் தொண்டை முப்பது வருஷம் வேலை பார்த்திருந்தது.

அப்புறம், ஸ்டூடியோ. இதைக் கேட்டபோதுதான் எனக்குப் பழைய ஞாபகமெல்லாம் கிளம்பிவிட்டது.

இங்கே இப்போதெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் தங்கள் டிராக்கைப் பேசிவிட்டு வருகிறோம். எதிரில் பேசுபவர் யார் என்று முகம் கூடத் தெரியாது. அங்கே கொரோனா காலத்தில் பிரித்துப் பிரித்து எடுத்தார்களே தவிர, வழக்கம் என்பது எல்லோரும் ஒரே அறையில் இருப்பதுதான் என்கிறான் பையன். மூன்று நான்கு மைக், பத்துப் பதினைந்து பேர். தன் வசனம் வரும்போது எழுந்து காலியாக இருக்கும் மைக்குக்குப் போய்ப் பேசிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டுப் பின்வாங்க வேண்டும். இதெல்லாம் சத்தமே இல்லாமல். ஸ்கிரிப்ட் கையில் இருக்கும், பக்கம் புரளும் சத்தம் மைக்கில் ஏறக் கூடாது. சரசரக்கும் துணி போடக் கூடாது. வளையல், தொங்கட்டான் எதுவும் கூடாது. வயிறு கூட இரையக் கூடாது என்று கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்களாம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஐந்து வயசு இருக்கும். பாட்டி ஊருக்குப் போயிருந்ததால் உன்னை டப்பிங் தியேட்டருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, "மூச்சு விடக் கூடாது" என்று சொல்லியிருந்தேன். நீ அப்படியேதான் உட்கார்ந்திருந்தாய், பாவம். கதாநாயகி அழுகிற காட்சி. எனக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்து, கடைசி வரிக்கு வந்துவிட்டேன். நீ காலை ஆட்டினாய். கொலுசு. அந்த டேக் போயிற்று. அடுத்து எட்டு முறை எடுத்தும் அந்த அழுகை வரவில்லை. இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆட்டோவில் திரும்பும்போது நான் சொல்லாமலே நீயாகக் கொலுசைக் கழற்றி என் பையில் போட்டாய். அதற்கப்புறம் நீ கொலுசு போட்டதே இல்லை. நான்தான் அதற்குக் காரணம் என்று பல நாள் நினைத்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அங்கே முதலில் கிடைக்கப்போவது வசனம் இல்லை, கதவு. புதுசாக வருகிறவர்கள் ஸ்டூடியோவின் கனமான கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவர்கள் போக வர அதைத் திறந்து மூடுவார்களாம். மாலை 4 மணிக்கு ரெக்கார்டிங் என்றாலும் "ஒஹாயோ கொஸாய்மாசு", காலை வணக்கம்தான். 'கயா' என்று ஒன்று, நம்ம ஊர் கூட்டக் குரல்தான். சந்தை இரைச்சல், வகுப்பறைச் சலசலப்பு, "வழிப்போக்கன் 2". அதிலிருந்துதான் தொடங்குவாய். இதைக் கேவலமாக நினைக்காதே. கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பேசும்போதுதான் பக்கத்தில் நிற்பவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று காதில் விழும். எனக்கு மூச்சு சொல்லிக் கொடுத்தது எந்த வாத்தியாரும் இல்லை, அந்தக் கூட்டம்தான்.

இன்னொன்றும் எனக்குப் புதுசு. படம் முடிந்திருக்காதாம். பல நாள் திரையில் வெறும் பென்சில் கோடு, அதுவும் இல்லாவிட்டால் வெள்ளை. பாத்திரத்தின் பெயர் வண்ணத்தில் தோன்றும். பெயர் தெரியும்வரை பேச வேண்டும், மறைந்ததும் நிறுத்த வேண்டும். நானாவது உயிருள்ள ஒருத்தியின் வாயையும் கண்ணையும் பார்த்துப் பேசினேன். அவள் தொண்டை ஏறி இறங்குவது எனக்கு உதவியாக இருந்தது. நீ முகமே வராத ஒருத்திக்கு அழ வேண்டும்.

பணம். இதை அப்பா எழுதச் சொன்னார், ஆனால் நானே எழுதியிருப்பேன். அங்கே நடிகர் சங்கத்தின் கணக்குப்படி புதியவர் 'ஜூனியர்'. அரை மணி நேர எபிசோடு ஒன்றுக்கு 15,000 யென். ஒரு வரி பேசினாலும் நூறு வரி பேசினாலும் அதேதான். 12 எபிசோடு வரும் ஒரு தொடரில் எல்லாவற்றிலும் உனக்கு இடம் கிடைத்தால் கூட 1,80,000 யென், அதுவும் மூன்று மாதத்துக்கு. அதில் ஏஜென்சி தன் பங்கை எடுக்கும், வரி பிடிப்பார்கள். மீதியை உன் அறை வாடகையோடு வைத்துப் பார். மூன்று வருஷம் போனால் ஜூனியரிலிருந்து மேலே ஏற்றுவார்கள், கூலி கூடும். அங்கேதான் வம்பு: கூலி கூடியதும் அதே சின்ன வேஷத்துக்கு வேறு ஒரு ஜூனியரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஏணி ஏறினால் படி காணாமல் போகும். இந்தக் கூலி கூடச் சும்மா வந்ததில்லை. 1973ல் குரல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் ஊர்வலம் போன பிறகுதான் நிலைமை மாறியதாம். அதைப் படித்ததும் நம்ம யூனியன் கார்டு ஞாபகம் வந்து பெட்டியில் தேடினேன். கிடைத்தது. போட்டோவில் உன்னைப் போலவே இருக்கிறேன்.

2022ல் வரிச் சட்ட மாற்றத்தை எதிர்த்துக் குரல் நடிகர்கள் சிலர் தங்களுக்குள் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். பதில் சொன்னவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு ஆண்டு வருமானம் 30 லட்சம் யென்னைத் தாண்டவில்லை. உன் மொழிபெயர்ப்பு வேலைச் சம்பளத்தை எனக்கு நீ சொல்லியிருக்கிறாய். அதனால் இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

விசாவையும் மறந்துவிடாதே. உன்னுடையது ஆபீஸ் வேலைக்கான விசா. படிப்பது வேறு, காசு வாங்கிக்கொண்டு குரல் கொடுப்பது வேறு. அதற்குக் குடியேற்ற அலுவலகத்தில் தனி அனுமதி கேட்க வேண்டும். ஆர்வத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு அப்புறம் முழிக்காதே.

மொழிதான் எனக்குப் பெரிய பயம். நீ ஜப்பானியப் பரீட்சையில் மேல் படி வரை தேறியவள், ஆபீஸில் யாரும் உன்னைக் குறை சொல்வதில்லை, எல்லாம் சரி. ஆனால் மைக் ஆபீஸ் இல்லை. 'அமெ' என்று நீ எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டினாயே. மேலிருந்து கீழே இறங்கினால் மழை, கீழிருந்து மேலே ஏறினால் மிட்டாய். 'ஹஷி'யும் அப்படித்தான், ஒரு ஏற்றத்தில் பாலம், இன்னொன்றில் சாப்பிடும் குச்சி. நம்மிடம் ல, ள, ழ குழப்பம் என்றால் எழுத்தாவது காட்டிக்கொடுக்கும். அவர்களிடம் ஒலியெழுத்தில் எழுதினால் ஒன்று போல இருக்கிறது, காதுதான் காட்டிக்கொடுக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்ததே இல்லையா என்று பையனைக் கேட்டேன். பெய்ஜிங்கில் பிறந்த ரியூ செய்ரா, ரஷ்யாவிலிருந்து போன ஜேன்யா என்று இரண்டு பேரைச் சொன்னான். எனவே கதவு பூட்டியிருக்கவில்லை. ஆனால் அந்தக் கதவின் கனத்தை உள்ளூர்க்காரப் பெண்ணை விட நீ இரண்டு மடங்கு தள்ள வேண்டும்.

நான் ஏன் நிறுத்தினேன் என்று நீ கேட்டதே இல்லை. ஒரு நடிகைக்கு நாலு படம் தொடர்ந்து நான்தான் குரல். ஐந்தாவது படத்துக்கு நானும் அப்பாவும் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனோம், எனக்கு டேட் சொல்லவில்லையே, ஒருவேளை படத்தில் அவள் ஊமையோ என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனோம். அவள் வாயைத் திறந்தாள். வேறு குரல். யாரும் எனக்கு ஒரு போன் கூடச் செய்யவில்லை. அதற்கப்புறமும் எட்டு வருஷம் பேசினேன், ஆனால் அன்றைக்கே ஏதோ ஒன்று அடங்கிவிட்டது.

ஷின்சானுக்கு 1992லிருந்து பேசிய யாஜிமா அகிகோ 2018ல் தானாகவே விலகினார் என்று படித்தேன். அந்தக் குரலைப் பிடித்து வைப்பதிலேயே கவனம் போய்விடுகிறது, ஷின்சானாக இயல்பாகப் பேச்சு வருவதில்லை என்று காரணம் சொன்னாராம். 26 வருஷத்துக்கு அப்புறம் எவ்வளவு நேர்மை. ஊருக்கே சொல்லிவிட்டு, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கே படம் முடிந்ததும் பெயர் போடுகிறார்கள், இன்ன பாத்திரத்துக்கு இன்னார் குரல் என்று. என் பெயரை நீ எத்தனை படத்தில் பார்த்திருக்கிறாய்?

அதனால் சேர்ந்துகொள். வார இறுதி வகுப்புதானே, சேர்ந்துகொள். வேலையை மட்டும் இப்போது விடாதே. ஏஜென்சியில் உன்னை எடுத்துக்கொள்ளும்வரை விடாதே, எடுத்துக்கொண்ட பிறகும் ஒரு வருஷம் விடாதே. வாடகைக்காகக் கத்துகிறவள் தொண்டையைக் கெடுத்துக்கொள்வாள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சண்டைக் காட்சியில் அலறச் சொன்னால் வயிற்றிலிருந்து அலறு. மறுநாள் கரகரப்பு இருந்தால் பேசாதே, கிசுகிசுக்கவும் செய்யாதே, கிசுகிசுப்பு இன்னும் கெடுதல். அதிமதுரம் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன், பார்சல்காரன் இலை தழை என்று தடுக்காமல் இருக்க வேண்டும்.

வகுப்பில் முதல் பாடம் 'உய்ரோ உரி' என்றாயே, அதையும் தேடிப் பார்த்தேன். கபுகி நாடக மேடையில் 1718ல் இரண்டாம் டஞ்சூரோ என்ற நடிகர் பேசிய பேச்சாம். மருந்து விற்கிறவன் தன் மருந்தைச் சாப்பிட்டால் நாக்கு எப்படிச் சுழலும் என்று தானே சுழற்றிக் காட்டுகிறான். நம்ம ஊர்ச் சந்தையில் லேகியம் விற்கிறவன்தான், போ. உனக்கு "ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி" சொல்லிக் கொடுத்தபோது நீ மூன்றாவது சுற்றில் சிரித்துவிடுவாய்.

அதை முழுசாகப் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. எங்கே மூச்சு திருடுகிறாய் என்பது புரியும். எழுதிவைத்துப் போனில் சொல்கிறேன்.

அப்பா ஹெட்போன் வாங்கி வந்திருக்கிறார். தனக்காம்.

அம்மா