நத்தார் மதியம் மண்டபத்தைத் திறந்து வையுங்கள்: மட்டக்களப்புப் பங்குச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மறைமாவட்டத்தின் பங்குச் சபைகளுக்கும் அன்பியங்களுக்கும் இளைஞர் ஒன்றியங்களுக்கும் வணக்கம்.

ஒளிவிழா, பாலன் குடில், கரோல் சுற்று என்று நீங்கள் கூட்டம் கூடித் திட்டம் போடுகிற காலம் இது. அந்தத் திட்டத்தில் இன்னும் ஒன்றைச் சேர்க்கும்படி கேட்கத்தான் எழுதுகிறேன். டிசம்பர் 25 மதியம் பங்கு மண்டபத்தைத் திறந்து, வீட்டில் தனியே இருப்பவர்களை வரவழைத்து, அவர்களோடு கூட இருந்து சமைத்துச் சாப்பிடுங்கள்.

ஏன் மதியம்? 24 இரவு நள்ளிரவுத் திருப்பலி இருக்கிறது. கோயில் நிறையச் சனம், பாட்டு, வெடிச் சத்தம். 25 பின்னேரம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் அழைப்பு வரும். டொரோண்டோவில் காலை எட்டு மணியென்றால் இங்கே மாலை ஆறரை. இடையில் வருகிற பகல்தான் நகர மறுக்கும். ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைப்பது? முதல்நாள் மீன்குழம்பைச் சூடாக்கி, குசினியில் நின்றபடியே நத்தார்ச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் தாய்மார் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

நானும் அப்படி இருப்பவள்தான். கணவர் காலமாகிவிட்டார். மகள் கனடாவில். மகன் களுவாஞ்சிக்குடியில், மனைவி வீட்டில். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார், பெற்றோர் கடைசிக் காலத்தில் மகளின் நிழலில் இருப்பார்கள். மகள் ஊரில் இருக்கும்வரை அது நல்ல ஏற்பாடு. இப்போது கல்லடியிலும் தாண்டவன்வெளியிலும் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்குத் தாயே காவல் இருக்கிறாள். மகன்மார் நல்லவர்கள்தான். ஆனால் பண்டிகை நாளில் அவர்களுக்கு மாமியார் வீட்டில் ஆயிரம் வேலை.

நீங்கள் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்ல வரவில்லை. போன நத்தாருக்கு எங்கள் வீட்டுக்கும் ஒரு குழு வந்தது. எந்தப் பங்கு என்பது இங்கே வேண்டாம். அரிசி, மா, சீனி, பருப்பு, ஒரு பால்மா பெட்டி. பதாகையைப் பிடித்துப் படமும் எடுத்தார்கள். நான் கேக்கையும் பயற்றம் பணியாரத்தையும் தட்டில் அடுக்கி, தேத்தண்ணீருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தேன். “நேரமில்லை மாமி, இன்னும் நிறைய வீடு இருக்கு” என்றார் ஒரு தம்பி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வெளியே அடைமழை, வான் காத்து நிற்கிறது, கையில் நீண்ட பட்டியல். ஆனால் என் வீட்டில் அரிசி இருந்தது. கேக் சாப்பிடத்தான் ஆள் இருக்கவில்லை.

உங்களில் பலர் வின்சென்ட் டி போல் சபையிலும் இருப்பவர்கள். 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் அதைத் தொடங்கியபோதே, வீடு தேடிப் போய் ஆட்களைச் சந்திப்பதுதான் அவர்களுடைய முக்கிய வேலை. பொதி கொடுப்பது அந்தச் சந்திப்போடு சேர்ந்து வந்த ஒன்று. நாம் பொதியை வைத்துக்கொண்டு சந்திப்பை விட்டுவிட்டோமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

மட்டக்களப்பில் நத்தார் ஒருநாளும் தனி மகிழ்ச்சியாக வருவதில்லை. மறுநாள் 26. 2004இல் நாவலடியையும் டச்பாரையும் கடல் கொண்டுபோன நாள். அடுத்த ஆண்டு நத்தார் நள்ளிரவில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு நள்ளிரவுத் திருப்பலிக்கு வரவே மனமில்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள். குடில் கட்டும் கையோடு நினைவுச் சுடருக்கும் திரி போடுகிற ஊர் இது. இந்த இரண்டு நாளையும் ஒருவர் தனியே கடப்பது லேசான காரியம் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு சைவ அக்கா இருக்கிறா. நாவலடியில் சொந்தங்களை இழந்தவ. பல வருடமாக வேலிக்கு மேலால் தலையசைப்போம், அவ்வளவுதான். ஒரு நத்தார்க் காலம் அவவுக்குக் கை வீங்கியிருந்தது. “தேங்காய் துருவ ஏலாமக் கிடக்கு, கொஞ்சம் வாறியா புள்ள?” என்று கூப்பிட்டா. போனேன். துருவினேன். அப்புறம் அங்கேயே சாப்பிட்டேன். அந்த 26 காலையில் நினைவிடத்துக்குப் பூவோடு அவ போனபோது நானும் கூடப் போனேன். திரும்பி வந்து அலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைக்காதீர்கள். 1978 சூறாவளியில் கூரை பறந்ததும், சின்னப் பெண்ணாகக் கட்டிலுக்குக் கீழே கிடந்துகொண்டு தன் புதுச் சட்டை நனைகிறதே என்று அழுததும்தான் கதை. “மறுகா என்ன புள்ள, சட்டையும் போச்சு, கூரையும் போச்சு” என்று சொல்லிச் சிரித்தா. இப்போது ஒவ்வொரு நத்தாருக்கும் பொங்கலுக்கும் ஒரே அடுப்புத்தான்.

என்னைப் பார்த்து இரங்கிக் கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். ஒரு வேலைக்குக் கூப்பிட்டதால் போனேன். அதனால்தான் கேட்கிறேன், தயவுசெய்து “தனிமையில் வாடுவோருக்கான விருந்து” என்று அறிவிப்புப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும், வாழையிலை துடைக்க ஆள் வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குப் பழைய நத்தார்ப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று வீட்டு வாசலுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கோயிலுக்கு வராதவரையும் வேறு சமயத்தவரையும் கேளுங்கள்.

வயதானவர்களை மட்டும் மனதில் வைக்கவும் வேண்டாம். போதனா வைத்தியசாலையில் நத்தார் அன்றும் கடமை பார்க்கும் வெளியூர்த் தாதியர், வங்கியிலும் கடையிலும் வேலை செய்துகொண்டு அறை எடுத்துத் தங்கியிருக்கும் மலையகப் பிள்ளைகள், இவர்களுக்கும் அந்த மதியம் சாப்பாட்டுக் கடை பூட்டித்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை உலகில் ஆறில் ஒருவர் தனிமையை உணர்கிறார் என்கிறது. அதில் இளம் வயதினரும் நிறையப் பேர். தனிமையால் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் அதிகமான உயிர்கள் போவதாகவும் அதே அறிக்கை கணக்கிடுகிறது. இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மாரி மழையில் ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். பண்டிகை அன்று பஸ் குறைவு. ஆகவே இளைஞர் ஒன்றியத்தில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வைத்திருப்பவர்கள் இன்னார் இன்னாரைக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். கரோல் சுற்றிலும் வீடுகளைக் குறைத்து, தனியே இருப்பவர் வீட்டில் ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரமாவது உட்காருங்கள். பாட்டுத் தாளின் கீழே தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐ அச்சிட்டுக் கொடுங்கள். இரவில் மனம் தாங்காமல் போகிறவருக்கு அது கையருகில் இருக்கட்டும்.

டிசம்பர் முதல் ஞாயிறு அறிவித்தலிலேயே இதைச் சொல்லிவிட்டால் போதிய நேரம் கிடைக்கும். மரக்கறி வெட்ட நான் வருகிறேன். பக்கத்து வீட்டு அக்காவும் தன் பெரிய சட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறா. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் சரி.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு பங்கு உறுப்பினர்