தோட்டாப் பெட்டியின் விவரங்களைச் சீட்டு ஒட்டி மறைத்தமை தொடர்பான முறைப்பாடு

தம்பலகாமம்,
திருகோணமலை மாவட்டம்.
20.01.2025

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

இம்மாதம் 6 ஆந் திகதி திருகோணமலை நகரில் உள்ள தங்கள் முகவரின் கடையில் 12 போர் (‘போர்’ என்பது துவக்குக் குழலின் விட்ட அளவு) தோட்டாக்கள் 25 அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினேன். நான் கேட்டது 65 மில்லிமீற்றர் நீளமுள்ள, எஸ்.ஜி. எனப்படும் பெரிய சன்னங்கள் (ஈயக் குண்டுகள்) அடைத்த தோட்டா, பற்றுச்சீட்டிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. எனக்குத் தரப்பட்டதோ 70 மில்லிமீற்றர் நீளமுள்ள, 4 ஆம் இலக்கச் சிறு சன்னங்கள் அடைத்த தோட்டா. பெட்டியில் இவ்விரு விவரங்களும் அச்சிடப்பட்டிருந்த இடத்தின் மேல் தங்கள் நிறுவனத்தின் சின்னம் பொறித்த வெள்ளைச் சீட்டு ஒட்டப்பட்டு, அதில் ‘12 போர் வேட்டைத் தோட்டா’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. தோட்டாக்களின் சிவப்புக் கோதுகளில் (வெளிக்கூடுகளில்) எழுத்து எதுவும் இல்லை. பித்தளை அடியில் 12 என்ற எண் மாத்திரமே இருந்தது. ஆகவே வாங்கியவன் உண்மையை அறிந்துகொள்ள ஒரு வழியும் விடப்படவில்லை.

என்னிடம் இருப்பது என் தந்தையார் வைத்திருந்த ஆங்கிலத் தயாரிப்பான இரட்டைக் குழல் துவக்கு. யுத்த காலத்தில் பொலிஸில் ஒப்படைத்துவிட்டுப் பல வருடங்களின் பின்னர் மீளப் பெற்றுக்கொண்டது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பயிர்ப் பாதுகாப்புக்கென வருடந்தோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்து வருகிறேன். அதன் குழலடியில் இரண்டரை அங்குலம் என்ற பொறிப்பு இன்றும் தெளிவாகத் தெரிகிறது. இரண்டரை அங்குலம் என்பது தோட்டாக் கணக்கில் 65 மில்லிமீற்றர் என்றே குறிக்கப்படும். அதற்கு மேற்பட்ட நீளமுள்ள தோட்டாவை அந்தக் குழலில் இடக்கூடாது என்பது என் தந்தையார் துவக்கை என் கையில் தந்த அன்றே சொல்லித் தந்த முதற்பாடம். அதனாலேயே கடையில் நீளத்தை இரண்டு தடவை சொல்லிக் கேட்டேன். கடையில் நின்ற தங்கள் விற்பனைப் பிரதிநிதி, “எல்லாம் பன்னிரண்டு போர்தான் ஐயா, வீட்டுக் காவலுக்கும் பன்றிக்கும் இது ஒன்றே போதும்” என்று பதில் சொன்னார். பற்றுச்சீட்டில் நான் கேட்டபடியே எழுதித் தந்ததால் நானும் நம்பிவிட்டேன்.

பெரும்போக நெல் கதிர் முற்றும் காலம் இது. குளத்து வாய்க்கால் ஓரமாக உள்ள எங்கள் வயற்றுண்டுகளில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கினால் ஓர் இரவிலேயே கால் ஏக்கர் சேறோடு சேறாகிவிடும். 11 ஆந் திகதி இரவு காவற்கொட்டிலில் இருந்தபோது, வரம்பைக் கடந்து வந்த பெரிய ஆண்பன்றி ஒன்றை ஏறக்குறைய இருபத்தைந்து யார் தூரத்தில், அடுத்தடுத்து இரண்டு குழல்களாலும் சுட்டேன். முதல் வெடியிலேயே தோளில் வழக்கத்துக்கு மாறான உதை. பன்றி விழவில்லை. அலறிக்கொண்டு பற்றைக்காட்டுக்குள் ஓடிவிட்டது. துவக்கை மடித்தபோது வெற்றுக் கோதுகள் வழக்கம்போல் வெளியே வராமல் இறுகிப்போயிருந்தன. விரல் நகத்தால் இழுத்தே எடுக்க வேண்டியிருந்தது.

விடிந்ததும் பக்கத்து வயற்காரர் இருவருடன் இரத்தம் சிந்திய புல்லைப் பின்பற்றி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தேடியும் பன்றி கிடைக்கவில்லை. அது நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்த பனையில் சிறு சிறு துளைகள் பல காணப்பட்டன. கத்தி முனையால் ஒரு சன்னத்தைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மிளகிலும் சிறியதாக இருந்தது. எஸ்.ஜி. சன்னம் என்றால் கொண்டைக்கடலை அளவு இருக்க வேண்டும். 32 கிராம் ஈயத்தில் எஸ்.ஜி. சன்னங்கள் ஒன்பது அளவில் அடங்கும். அதே நிறையில் 4 ஆம் இலக்கச் சன்னங்கள் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு அடங்கும். இலக்கம் கூடக் கூடச் சன்னம் சிறுத்துக்கொண்டே போகும். அத்தகைய சிறு சன்னம் பறவைகளுக்கு உரியது. தடித்த தோலும் சேறு காய்ந்த மயிரும் கொண்ட பன்றியை அது கொல்லாது, புண்படுத்தி மட்டும் விடும். சுட்டால் அது அந்த இடத்திலேயே விழ வேண்டும், துடித்துத் திரியக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் துவக்குப் பிடிக்கும் எவரும் மீற விரும்பாத ஒழுங்கு. அதை நான் மீற நேர்ந்தது எனக்குப் பெரும் வேதனை. காயப்பட்ட ஆண்பன்றி எதிர்ப்பட்டவரைத் தாக்கும். அதன் பின்னர் ஐந்து நாட்கள் அந்தப் பற்றைக்குள் விறகு பொறுக்கப் போகும் பெண்களைப் போகவேண்டாம் என்று வீடு வீடாகச் சென்று சொல்லவேண்டியதாயிற்று.

அன்று பகலே பெட்டியை எடுத்து, ஈரத் துணியை வைத்து ஊறவிட்டுச் சீட்டை மெல்ல உரித்தேன். அதன் கீழே 70 என்ற எண்ணும் 4 என்ற எண்ணும் நன்றாகவே அச்சிடப்பட்டிருந்தன. வெற்றுக் கோதுகள் இரண்டையும் மேசையில் வைத்து அடிமட்டத்தால் அளந்தேன்: இரண்டுமே 70 மில்லிமீற்றர் அளவில் இருந்தன. அவற்றின் வாய் ஒழுங்காக விரியாமல், நைந்த துணியின் ஓரம் போல் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தது.

இதில் உள்ள ஆபத்தைத் தங்கள் நிறுவனம் உணர்ந்திருப்பதாகத் தெரியவில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். தோட்டாவின் நீளம் என்று சொல்லப்படுவது சுட்ட பின்னர் வாய் விரிந்த நிலையில் உள்ள கோதின் நீளமாகும். வாய் மடிக்கப்பட்ட நிலையில் 70 மில்லிமீற்றர்த் தோட்டாவும் 65 மில்லிமீற்றர்த் தோட்டாவும் ஏறத்தாழ ஒரே உயரமாகவே இருக்கும்; ஆகவே நீளமான தோட்டா பழைய துவக்கில் தோட்டா அமரும் அறைக்குள் எவ்விதத் தடையும் இன்றிப் போய் அமர்ந்துவிடும், துவக்கும் பூட்டிக்கொள்ளும். வெடிக்கும்போதுதான், விரிய இடமில்லாத கோதின் வாய் குழல் ஒடுங்கும் இடத்துக்குள் நீண்டு, சன்னமும் அதற்கும் வெடிமருந்துக்கும் இடையிலுள்ள அடைப்பும் வெளியேறும் வழியை நெருக்குகிறது. அதனால் உள்ளழுத்தம் கூடுகிறது. குறைந்த அழுத்தத்துக்கென வடிவமைத்துச் சோதிக்கப்பட்ட பழைய குழல் அதை எத்தனை முறை தாங்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. குழலுக்கு அருகில் இருப்பவை சுடுபவனின் இடது கையும் கண்ணுமே.

12 போரிலும் ஒடுக்கமான 20 போர் தோட்டாவின் கோது மஞ்சள் நிறமாக இருப்பதற்கான காரணத்தைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். அது தவறுதலாக 12 போர் குழலுக்குள் விழுந்தால் உள்ளே நழுவிச் சென்று சிக்கிக்கொள்ளும். அதைக் காணாமல் பின்னால் 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். அந்த ஆபத்துக்கு ஒரு நிறம் காவல் நிற்கிறது. தோட்டாவின் நீளத்துக்கு அப்படிப்பட்ட நிறம் எதுவும் இல்லை. அச்சிட்ட எழுத்து ஒன்றுதான் காவல். அந்த எழுத்தின் மேல்தான் தாங்கள் சீட்டை ஒட்டியிருக்கிறீர்கள். என் முறைப்பாட்டின் அடிப்படை இதுவே.

துவக்கைத் திருத்துநர் ஒருவரிடம் காட்டினேன். அவர் குழலைப் பூட்டி விளக்கொளிக்கு எதிரே பிடித்துக் காட்டியபோது, குழலடிக்கும் பின்தகட்டுக்கும் இடையில் மெல்லிய ஒளிக்கீற்றுத் தெரிந்தது. சென்ற ஆவணியில் அவரே பரிசோதித்தபோது அது இருக்கவில்லை. இனி இறுக்கிச் சீர்செய்யும்வரை சுடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அறுவடைக்கு மூன்று கிழமைகள் இருக்கும் நிலையில், இரவில் தகரத்தைத் தட்டியும் தீ மூட்டியும் வயலைக் காத்து வருகிறோம்.

தங்கள் பிரதிநிதி கூறிய ‘வீட்டுக் காவல்’ என்ற சொல்லைப் பற்றியும் எழுதியாக வேண்டும். என் அனுமதிப்பத்திரம் பயிர்ப் பாதுகாப்புக்கு உரியது. மான், மரை சுடவோ அயலவரை அச்சுறுத்தவோ அது தரப்படவில்லை. அது ஒருபுறம் இருக்க, வீட்டில் துவக்கை வைத்திருக்கும் ஒருவருக்கு ஆலோசனை கூறுபவர், அந்த வீட்டின் சுவர் எதனால் ஆனது, அதற்கு அப்பால் யார் படுத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். எங்கள் பகுதியில் கிடுகால் அடைத்த அறைகளும் பலகைத் தட்டிகளும் இன்னும் பல வீடுகளில் உள்ளன. எஸ்.ஜி. சன்னம் அவற்றை ஊடுருவி அடுத்த அறைக்கும் அதற்கு அப்பாலும் செல்லும். சிறு சன்னம் என்றாலும், ஓர் அறையின் நீளத்துக்குள் அது கையகலம்கூட விரியாது; அத்தூரத்தில் அதுவும் உயிரைக் குடிக்கும். என் மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் பலகைத் தட்டிக்கு அப்பால் உறங்குகிறார்கள். அதனால் துவக்கும் தோட்டாவும் என் வீட்டில் வெவ்வேறு பெட்டிகளில் பூட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இது ஒன்றே போதும் என்பது தோட்டா விற்பவர் வாயில் வரக்கூடாத சொல்.

மேற்படி காரணங்களால், பெட்டியின் முழு விலையையும் திருத்துநருக்குச் செலுத்த வேண்டிய கூலியையும் எனக்குத் தருமாறும், நான் கேட்ட 65 மில்லிமீற்றர் எஸ்.ஜி. தோட்டாக்களை வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சிய 23 தோட்டாக்களும் என்னிடம் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. அவை தபாலில் அனுப்பக்கூடியவை அல்ல என்பதால் முகவர் மூலம் எழுத்துமூலப் பதிவுடன் பெற்றுக்கொள்ளுங்கள். இவற்றைவிட அவசரமானது, அதே சீட்டு ஒட்டப்பட்டு முகவரின் அலுமாரியில் நான் கண்ட ஏனைய பெட்டிகளை உடனே மீளப் பெறுவதாகும். இம்மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கங்களிலும் இரண்டரை அங்குல அறை கொண்ட பழைய துவக்குகளை வைத்திருக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். இப்பெட்டியை வாங்கியவர்கள் யார் என்பது முகவரின் பதிவேட்டில் இருக்கும். அவர்களுக்குத் தாங்களே நேரில் அறிவிக்க வேண்டும். இனி ஒட்டும் சீட்டுகளில் தோட்டாவின் நீளத்தையும் சன்னத்தின் இலக்கத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சிடுமாறும் கோருகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் கிடைக்காவிடில், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். உரித்தெடுத்த சீட்டின் நிழற்படம், வெற்றுக் கோதுகளை அடிமட்டத்துடன் வைத்து எடுத்த நிழற்படம், பற்றுச்சீட்டின் பிரதி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பனையிலிருந்து எடுத்த சன்னம் என்னிடம் உள்ளது. தங்கள் அலுவலர் எவரும் வந்து பார்க்கலாம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
அனுமதிப்பத்திரம் பெற்ற விவசாயி,
தம்பலகாமம்.