கோயிலைப் பூட்டுவதற்கு முன்: கோட்டாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோட்டாட்சியர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும்,

வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் அம்மன் கோயில்களில் காப்புக் கட்டுவதும் கூழ் ஊற்றுவதும் தீமிதியும் தொடங்கிவிடும். கூடவே உங்கள் அலுவலகத்துக்கு மனுக்களும் வரும். 'எங்களையும் உள்ளே விட வேண்டும்' என்று பட்டியலின மக்கள் வாழும் காலனியிலிருந்து ஒன்று, 'வழக்கத்தை மாற்றக் கூடாது' என்று ஊரிலிருந்து ஒன்று. இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்து, இரு தரப்பையும் ஒரே தேதியில் அழைத்து, அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவது பழகிப்போன நடைமுறை. தவறு அந்தக் கோப்பிலேயே தொடங்குகிறது. முதல் மனு, சட்டம் என்றோ கொடுத்துவிட்ட உரிமையைக் கேட்கிறது. இரண்டாவது மனு, ஒரு குற்றத்தைத் தொடர்ந்து செய்வோம் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்கிறது. இவை இரண்டும் ஒரு வழக்கின் இரு தரப்புகள் அல்ல.

உள்ளே விடலாமா, கூடாதா என்பதைப் பேச்சுவார்த்தைக்குரிய பொருளாக எடுக்காதீர்கள். எந்த நாளில், எந்த ஏற்பாட்டோடு என்பதை மட்டும் பேசுங்கள். இந்த மடலின் கோரிக்கை இதுதான்.

வழக்கமே சட்டம் என்று நீதிமன்றங்கள் ஏற்ற காலம் ஒன்று உண்டு. 1897இல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் அங்கும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், அதுவரை நுழைவு மறுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டோரை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அவர்கள்மீது வழக்குப் பாயாமல் காக்கத் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து மங்களூர் அருகிலுள்ள முல்கி வெங்கடரமணர் கோயிலார் உச்ச நீதிமன்றம் போனார்கள். அது ஒரு தனிச் சமயப் பிரிவினரின் கோயில்தான் என்பதை நீதிமன்றம் ஏற்றது; ஏற்ற பிறகும், அரசியலமைப்பின் பிரிவு 25(2)(ஆ) தரும் நுழைவு உரிமையே மேலோங்கும் என்று 1957இல் தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவினருக்கே உரிய சில சடங்குகளை அவர்கள் வைத்துக்கொள்ளலாம்; மற்றவர்களின் வழிபாட்டு உரிமை பெயரளவுக்குச் சுருங்கிவிடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. தனிப் பிரிவின் கோயிலுக்கே நிலை இதுவென்றால், ஊர்ப்பொதுவில் வசூல் செய்து கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு எந்த விதிவிலக்கு இருக்க முடியும்?

தகராறு வந்ததும் கோயிலைப் பூட்டிச் சீல் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது பட்டியலின மக்கள் தடுக்கப்பட்டுத் தாக்கப்பட்டார்கள். ஜூனில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 145இன் கீழ் கோயில் பூட்டப்பட்டது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்காகக் கதவு திறந்தது. பட்டியலின மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டது 2025 ஏப்ரலில்தான். ஒரு நாளில் நிறைவேற்றியிருக்க வேண்டிய உரிமைக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

145 (இப்போது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 164) எதற்கான பிரிவு என்பதைத் திரும்பப் படியுங்கள். நிலம், கட்டடம், நீர்நிலை ஆகியவற்றின் அனுபோகம், அதாவது கைவசம், யாரிடம் என்று அடிதடி வரும் நிலையில் கையாள வேண்டிய பிரிவு அது. உரிமை யாருக்கு என்ற கேள்விக்குள் நிர்வாக நடுவர் போகக் கூடாது. உத்தரவிட்ட நாளில் யார் கையில் இருந்தது, தகவல் கிடைத்ததற்கு முந்தைய இரண்டு மாதத்திலோ அதன் பிறகோ யாராவது வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்களா என்று மட்டும் பார்க்க வேண்டும். கோயில் நுழைவில் இந்தக் கேள்வியைப் போட்டால் விடை எப்போதும் ஒன்றுதான்: கதவை அடைத்து நின்றவர்கள் கையில். காலனிக்காரர்கள் யாரும் கோயிலை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அனுபோகத் தகராறே இல்லாத இடத்தில் அனுபோகப் பிரிவைப் போட்டால், சாமி கும்பிடப் போனவர் சொத்துத் தகராறின் எதிர்த்தரப்பு, அதாவது 'பி' தரப்பு ஆகிவிடுகிறார்.

பி.என்.எஸ்.எஸ். 163இன் கீழ்த் தடை உத்தரவு போடுவதென்றால் அது இரண்டு மாதத்துக்குமேல் தானாக நீளாது. அரசு நீட்டித்தாலும் கூடுதலாக ஆறு மாதம்தான். அந்தத் தடையும் தடுப்பவர்கள்மேல்தான் விழ வேண்டும். அமைதி காப்பதற்கான பிணை (பிரிவு 126) வாங்கும்போது 'இரு பக்கமும் பத்துப் பத்துப் பேர்' என்று கணக்குச் சரிசெய்வது கூடாது. மிரட்டியவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையில் பெயரோடு இருக்கும். அந்தப் பெயர்களுக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்புங்கள்.

பேச்சுவார்த்தையில் வழக்கமாக மூன்று வாதம் வரும். முதலாவது, இது தனியார் கோயில் என்பது. தீண்டாமையைத் தண்டிக்கும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955, தனியாருக்குச் சொந்தமான இடத்தையும் அவர் பொதுமக்கள் வழிபட விட்டிருந்தால் பொது வழிபாட்டிடம் என்றே கொள்கிறது. ஆகவே பட்டாவோடு நிறுத்தாமல் வசூல் ரசீதுப் புத்தகம், நன்கொடையாளர் பெயர்ப்பலகை, திருவிழா நோட்டீஸ், மின் இணைப்பு யார் பெயரில் என்பது எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். இடம் நத்தமா புறம்போக்கா என்று சர்வே பதிவேட்டில் பாருங்கள். இரண்டாவது, 'அவர்கள் தலைக்கட்டு வரி (திருவிழாவுக்குக் குடும்பவாரியாக வசூலிக்கும் பணம்) கொடுப்பதில்லை' என்பது. பல ஊர்களில் காலனியில் வரி கேட்பதே இல்லை. கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்குவதில்லை. பிறகு அதையே காரணமாகச் சொல்கிறார்கள். அதே 1955 சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது: தடுக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் என்றால், தீண்டாமை காரணமாகவே தடுத்தார்கள் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், அப்படி இல்லை என்று காட்டுவது தடுத்தவர் பொறுப்பு. மூன்றாவது, 'அவர்களுக்குத் தனிக் கோயில் இருக்கிறதே' என்பது. இதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் 'மறு உத்தரவு வரும் வரை தற்போதைய நிலையே தொடர இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டனர்' என்று ஒரு வரி இருக்கும். அதன்கீழ் காலனிப் பெரியவர்களின் கையெழுத்தையும் கைநாட்டையும் வாங்கிவிடுவார்கள். பின்னால் நீதிமன்றத்தில், நுழைவு வேண்டாம் என்று அவர்களே சொன்னதற்கு ஆதாரமாக அந்தத் தாள்தான் வந்து நிற்கும். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: 'அனைவருக்கும் நுழைவு உரிமை உண்டு என்பது தெரிவிக்கப்பட்டது. தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(இசட்ஏ)வின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனைக்குரியது என்பதும் தெரிவிக்கப்பட்டது. இன்ன தேதி, இன்ன நேரம் வழிபாடு நடைபெறும்.' இரு தரப்பையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். தனக்குக் கூலி கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

புகார் வந்தால் வழக்குப் பதியாமல், புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பிவிடுவதைக் காவல்துறை நிறுத்த வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி எஃப்ஐஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. புலனாய்வு டிஎஸ்பி நிலையில் நடந்து, அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். மறுநாளே புகார் கொடுத்தவர்கள்மேல் 'கவுண்டர் கேஸ்' ஒன்று போட்டுச் சமரசத்துக்கு நெருக்குவதுதான் பெரும்பாலான வழக்குகளைச் சாகடிக்கிறது.

நுழைவு நாளில் காவலை முழுக்கக் கோயில் வாசலில் குவிக்காதீர்கள். அடி விழுவது பெரும்பாலும் அன்றிரவு, காலனியில்: வைக்கோல் போர், இருசக்கர வாகனம், குடிநீர்க் குழாய். அங்கேதான் ஆள் வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் முன்னிற்க மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். நிர்வாகம் மனம்வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் போலீஸ் வேன் திரும்பிப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் உரிமை நிலைக்கிறதா என்று தெரியும். பால் சொசைட்டியில் பால் வாங்குகிறார்களா, மளிகைக் கடையில் சரக்குத் தருகிறார்களா, நடவுக்குக் கூப்பிடுகிறார்களா என்று ஒரு மாதமாவது வாரந்தோறும் அறிக்கை வாங்குங்கள். மறுத்தால் அது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(இசட்சி)யின்படி தனிக் குற்றம். கோயில் சாவி யாரிடம், அடுத்த வெள்ளிக்கிழமை கதவு திறந்ததா என்பதையும் அதே அறிக்கையில் கேளுங்கள். சாவி கொடுக்க மறுத்தால் தக்கார் (கோயிலைக் கவனிக்கும் தற்காலிகப் பொறுப்பாளர்) நியமனத்துக்கு அறநிலையத்துறை உதவி ஆணையருக்கு அன்றே எழுதுங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆட்சியர் தலைமையில் கூட வேண்டும் என்பது விதி. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் கோயில்களின் பட்டியலைக் கொண்டுவாருங்கள்: எந்தத் தேதியில், எந்தப் பிரிவில், யார் மனுமேல் பூட்டப்பட்டது, தடுத்தவர்கள்மேல் எஃப்ஐஆர் உண்டா, திறக்கும் தேதி என்ன. திறக்கும் தேதி காலியாக இருக்கும் ஒவ்வொரு கோயிலுக்கும் அந்தக் கூட்டத்திலேயே ஒரு தேதி குறியுங்கள்.

இப்படிக்கு,
கோயில் நுழைவு வழக்குகளில் பணியாற்றும் வழக்கறிஞர்கள்