வலிப்புக் குறிப்பேட்டில் விடுபடுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் வலிப்பு குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கையில் இரும்பைத் திணிக்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால், வலிப்புள்ள குழந்தைகளில் கணிசமானோரிடம் ஆட்டிசக் கூறுகளும் (பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வளர்ச்சி வேறுபடுவது) காணப்படுவது பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தந்தது.

நான் சிறப்பாசிரியை. எங்களிடம் வரும் தாய்மார்கள் பலர் கையோடு ஒரு நோட்டு கொண்டுவருவார்கள். வலிப்பு வந்த தேதி, எத்தனை நிமிடம் நீடித்தது, எந்தக் கை இழுத்தது, எந்த வேளை மாத்திரை தவறியது, எல்லாம் அதில் இருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா என்பது போன்ற ஆட்டிச அறிகுறிகள் மட்டும் இருக்காது. யாரும் கேட்பதில்லை, அவர்களும் எழுதுவதில்லை. "முதலில் வலிப்பு நிற்கட்டும், பேச்சு தானாக வரும்" என்ற நம்பிக்கையிலேயே பயிற்சிக்கு உகந்த வயது கடந்துவிடுகிறது.

வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தம் கைக்குழந்தைக்கு அடுக்கடுக்காக வந்த குலுக்கலைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியருக்கு 1841இல் கடிதம் எழுதினார். குழந்தை சிரிப்பதில்லை, எதையும் கவனிப்பதில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். அவர் பெயரால் வழங்கும் அந்த வலிப்பு வந்த குழந்தைகளிடம் பின்னாளில் ஆட்டிசம் அதிகம் காணப்படுவதை இன்று மருத்துவ உலகம் அறியும். அந்தத் தகப்பன் கவனித்த இரண்டில் ஒன்றைத்தான் நாம் இன்னும் சீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

லெவெடிராசிட்டம் போன்ற வலிப்பு மருந்துகள் சில குழந்தைகளுக்கு எரிச்சலும் கோபமும் உண்டாக்குவது உண்மை. கூப்பிட்டும் திரும்பாதது சில நொடி நினைவு தப்பும் வலிப்பாகவும் இருக்கலாம். பிரித்தறிய வேண்டியது மருத்துவர்தான். அதற்காக, மாதக்கணக்கில் முகம் பார்க்காத பிள்ளையின் நிலையை மாத்திரையின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கலாமா? அதைவிட ஆபத்து, பழியை மருந்தின் மேல் போட்டு, மருத்துவரைக் கேட்காமல் வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிடுவது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இருக்கின்றன. வலிப்புக்கு மாத்திரை எழுதும் அன்றே, ஆட்டிசச் சோதனைக்கும் அங்கே ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். இரண்டு சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடக்கலாம். தங்கள் இதழ் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

– சிறப்பாசிரியை ஒருவர், திருநெல்வேலி